4 குச்சி, 1 பேனாக்கத்தி, 1 யானை: பர்மா தேக்கை எண்ணிய பிராண்டிஸ் யார்? எந்த மரத்தை எப்போ வெட்டலாம்னு முடிவு செய்தது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கம் போனவர்கள் அந்தத் தூண்களைப் பார்த்திருப்பார்கள். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால்தான் அடங்கும். கேட்டால் ஒரே பதில்தான் வரும்: பர்மா தேக்கு.

அவ்வளவு பருமனான தேக்கு பர்மாவிலிருந்து 20-ம் நூற்றாண்டிலும் கப்பல் கப்பலாக வந்துகொண்டே இருந்தது. ஆனால் அதே பர்மாவின் இன்னொரு பகுதியில், 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே பெரிய தேக்கை எல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். ஒரு காடு காலியாக, இன்னொரு காடு தாக்குப்பிடித்தது எப்படி?

அதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒரு ஜெர்மானியர். பெயர் டீட்ரிச் பிராண்டிஸ். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர். தமிழ்நாட்டில் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் 1882-ம் வருஷத்து வனச் சட்டத்துக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு.

யார் இந்த பிராண்டிஸ்?

1824-ம் ஆண்டு மார்ச் 31-ம் தேதி ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். அப்பா கிறிஸ்டியன் ஆகஸ்ட் பிராண்டிஸ், தத்துவப் பேராசிரியர். கிரேக்க நாட்டு மன்னர் ஓட்டோவுக்கு ஆலோசகராக அப்பா போனபோது, குடும்பமும் ஏதென்ஸ் போனது. சிறுவன் பிராண்டிஸின் சில வருஷங்கள் அங்கே கழிந்தன.

பிறகு கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் என்று மூன்று ஊர்களில் படிப்பு. பாடம் தாவரவியல். 1849 முதல் பான் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். அப்படியே போயிருந்தால் அவரும் அப்பாவைப் போல பேராசிரியராகவே ஓய்வு பெற்றிருப்பார்.

வாழ்க்கையைத் திருப்பியது கல்யாணம். 1854-ல் ரேச்சல் என்பவரை மணந்தார். இவர் வங்காளத்தின் செராம்பூரில் பணியாற்றிய புகழ்பெற்ற மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். ரேச்சலின் முதல் கணவர் வோய்ட், செராம்பூரில் டேனிஷ் அரசின் மருத்துவராக இருந்தவர், தாவரவியலும் அறிந்தவர். அவர் இறந்த பிறகு நடந்த மறுமணம் இது. ரேச்சலின் சகோதரி, ஆங்கிலேயப் படைத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் மனைவி.

இந்த உறவு வழியாகத்தான் பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்குப் போனது. அப்போது டல்ஹௌசிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஒரு காட்டு நிபுணர். இங்கிலாந்தில் அப்படி ஒரு படிப்பே கிடையாது. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும்தான் காட்டை ஒரு தனித் துறையாகவே வளர்த்து வைத்திருந்தார்கள்.

பர்மாவில் அப்படி என்ன பிரச்னை?

அன்றைக்குத் தேக்கு என்றால் கப்பல். இங்கிலாந்தில் ஓக் மரம் குறைந்துகொண்டே வந்தது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் கரையான் அவ்வளவு சீக்கிரம் அண்டாது. ஓக் மரத்தில் அடித்த இரும்பு ஆணி அரித்துப்போகும், தேக்கில் அடித்த ஆணிக்கு அந்தத் தொல்லை குறைவு.

1826-ல் பர்மாவின் தெற்குப் பகுதியான டெனாசரிம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. காட்டை வியாபாரிகளுக்குத் திறந்து விட்டார்கள். மௌல்மின் துறைமுகத்தில் மர வியாபாரமும் கப்பல் கட்டுவதும் கொடிகட்டிப் பறந்தது. ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், இழுக்க வசதியான இடத்தில் நின்ற பெரிய மரங்கள் முதலில் போயின. பிறகு நடுத்தர மரங்கள். கொஞ்ச காலத்திலேயே நல்ல தேக்குக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது.

1852-ல் இரண்டாவது பர்மா போர் முடிந்து பெகு பகுதி ஆங்கிலேயர் வசமானது. இராவதி ஆற்றுக்கும் சிட்டாங் ஆற்றுக்கும் நடுவே நீளும் பெகு யோமா மலைத்தொடர் முழுக்கத் தேக்கு. வியாபாரிகள் தயாராக நின்றார்கள். டெனாசரிமில் நடந்தது இங்கேயும் நடந்தால் 20, 30 வருஷத்தில் கதை முடிந்துவிடும்.

1855-ல் டல்ஹௌசி ஒரு கொள்கை அறிவித்தார்: பெகு தேக்கு அரசாங்கத்தின் சொத்து. அறிவிப்பது சுலபம். காட்டில் எத்தனை மரம் இருக்கிறது, வருஷத்துக்கு எத்தனை வெட்டலாம் என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் 1856 ஜனவரியில் பிராண்டிஸ் பொறுப்பேற்றார். அப்போது வயசு 31.

4 குச்சியில் காட்டை எண்ணியது எப்படி?

ஒரு பிரம்மாண்டமான காடு. அதில் தேக்கு தனியாகத் தோப்பு மாதிரி நிற்காது. நூற்றுக்கணக்கான வகை மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். வரைபடம் சரியாக இல்லை, ரோடு இல்லை, மலேரியா வேறு. ஒவ்வொரு மரமாக எண்ணிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது.

பிராண்டிஸ் யானை மேல் ஏறி மலை முகடுகள் வழியாகப் போனார். இடது கையில் 4 குச்சிகள். வலது கையில் ஒரு பேனாக்கத்தி. பாதையின் இரண்டு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் ஒரு தேக்கு தெரிந்தால், அதன் பருமனைக் கணித்து, அந்த அளவுக்கான குச்சியில் ஒரு வெட்டு போடுவார். ஈரத்திலும் வியர்வையிலும் காகிதம் ஊறிப்போகும். குச்சிக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரு நாளைக்குச் சுமார் 20 மைல். சாயங்காலம் முகாமுக்கு வந்து குச்சிகளில் உள்ள வெட்டுகளை எண்ணினால், அன்றைக்குக் கடந்த நீளமான பட்டையில் எத்தனை பெரிய மரம், எத்தனை சின்ன மரம் என்று தெரிந்துவிடும். பின்னாட்களில் தன் மாணவர்களுக்கு அவர் சொன்ன கதை இது.

இன்றைக்குத் தேர்தல் நேரத்தில் எக்ஸிட் போல் எடுக்கிறார்களே, அடிப்படையில் அதே வேலைதான். எல்லா வாக்காளரையும் கேட்க முடியாது. சில இடங்களில் கேட்டு மொத்தத்தையும் கணிக்கிறோம். பிராண்டிஸ் அதை மரத்துக்குச் செய்தார்.

4 வகை என்னென்ன?

மரத்தின் உயரத்தை அவர் அளவுகோலாக எடுக்கவில்லை. ஆள் நின்று நாடாவைச் சுற்றி அளக்கக்கூடிய உயரத்தில், அடிமரத்தின் சுற்றளவுதான் கணக்கு.

முதல் வகை: 6 அடியும் அதற்கு மேலும் சுற்றளவு உள்ள மரம். வெட்டலாம்.
இரண்டாம் வகை: நாலரை அடி முதல் 6 அடி வரை. தொடக்கூடாது, இவைதான் அடுத்த வரிசை.
மூன்றாம் வகை: ஒன்றரை அடி முதல் நாலரை அடி வரை.
நான்காம் வகை: ஒன்றரை அடிக்கும் கீழே உள்ள இளமரங்கள்.

ஒரு குடும்பத்தில் தாத்தா, அப்பா, பையன், பேரன் இருப்பது மாதிரி. காட்டில் நாலு தலைமுறையும் இருக்கிறதா, எந்தத் தலைமுறை எண்ணிக்கையில் குறைகிறது என்பதுதான் அந்த 4 குச்சிகளும் சொன்ன செய்தி.

அதென்ன 24 வருஷக் கணக்கு?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அதுவரை வியாபாரி கேட்ட கேள்வி, காட்டில் எவ்வளவு மரம் இருக்கிறது என்பது. பிராண்டிஸ் கேட்டது வேறு: ஒரு பெரிய மரத்தை வெட்டினால், அந்த இடத்துக்கு அடுத்த மரம் வந்து சேர எத்தனை வருஷம் ஆகும்?

தேக்கில் ஒரு வசதி உண்டு. வருஷத்துக்கு ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். வெட்டிய அடிக்கட்டையில் வளையங்களை எண்ணினால் வயசும் தெரியும், எந்த வேகத்தில் பருத்தது என்பதும் தெரியும். அப்படிப் பார்த்து, இரண்டாம் வகை மரம் முதல் வகைக்கு வர 24 வருஷம் ஆகும் என்று கணித்தார்.

அப்படியென்றால் வருஷத்துக்கு எத்தனை வெட்டலாம்? முதல் வகை மரங்களில் 24-ல் ஒரு பங்கு. அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரு காட்டில் 2,400 பெரிய மரங்கள் இருந்தால், வருஷத்துக்கு 100. அந்த 2,400-ம் வெட்டி முடியும்போது, இரண்டாம் வகையில் இருந்தவை 6 அடியைத் தொட்டிருக்கும். கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

பேங்கில் போட்ட அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்வது போலத்தான். டெனாசரிமில் நடந்தது அசலையே எடுத்தது.

ஏன் 6 அடி வரை காத்திருக்கணும்?

சின்ன மரத்தையே வெட்டினால் என்ன, அதுவும் காசுதானே என்று தோன்றலாம். மரவாடிக் கணக்கைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

உருட்டு மரத்துக்கு நம்ம ஊர் மரவாடிகளில் போடும் பழைய கணக்கு இதுதான்: சுற்றளவை 4-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். அதுதான் கன அடி. அறுக்கும்போது வீணாவதற்கும் இதில் ஓரளவு கழிவு வந்துவிடும்.

20 அடி நீளமுள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு நாலரை அடி என்றால் சுமார் 25 கன அடி. அதே நீளம், சுற்றளவு 6 அடி என்றால் 45 கன அடி. ஏழரை அடி என்றால் 70 கன அடி.

கவனியுங்கள். நாலரை அடியில் இருந்து 6 அடிக்கு, சுற்றளவு மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் மரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அதோடு, இளமரத்தில் வெளிப்பக்கத்து வெள்ளைப்பகுதி அதிகம், அது சீக்கிரம் உளுத்துப்போகும். வயசான மரத்தில்தான் வைரம் அதிகம். காத்திருந்தால் அளவும் கூடும், தரமும் கூடும்.

எல்லாக் காட்டுக்கும் ஒரே அளவு சரியா?

இல்லை. ஒரே தேக்குதான், ஆனால் இடத்துக்கு இடம் அளவு மாறும்.

நல்ல மழை, வண்டல் சேர்ந்த ஆழமான மண், நடுவில் சில மாதம் வெயில். இப்படி இருக்கும் ஈரக் காட்டில் தேக்கு நெடுநெடுவென உயர்ந்து பருக்கும். மேடான பாறை நிலத்தில், மழை குறைந்த வறண்ட காட்டில் அதே தேக்கு குட்டையாக, வளைந்து நெளிந்து நிற்கும். அங்கே நாலைந்து அடி சுற்றளவே பெரிய விஷயம்.

எல்லா இடத்துக்கும் 6 அடி என்று கோடு போட்டால் இரண்டு பக்கமும் தப்பாகிவிடும். ஈரக் காட்டில் 6 அடி மரம் இன்னும் வேகமாகப் பருத்துக்கொண்டிருக்கும், அதை வெட்டினால் நஷ்டம். வறண்ட காட்டில் சில மரங்கள் அந்த அளவை எட்டவே எட்டாது.

அதனால்தான் பிராண்டிஸ் போட்ட அடித்தளத்தின் மேல் பர்மாவில் பிற்காலத்தில் இரண்டு வரம்புகள் நிலைபெற்றன. ஈரக் காட்டில் ஏழரை அடி, வறண்ட காட்டில் ஆறரை அடி. அதற்குக் குறைந்த மரத்தைத் தொடக்கூடாது. ஒரு பகுதியில் வெட்டினால் 30 வருஷம் கழித்துத்தான் மறுபடி அங்கே கோடரி போக வேண்டும்.

நம்ம பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். ஆனைமலையை ஒட்டிய பரம்பிக்குளத்தில் நிற்கும் புகழ்பெற்ற கன்னிமாரா தேக்கின் சுற்றளவு சுமார் 7 மீட்டர். பல பேர் கைகோத்து நின்றால்தான் சுற்ற முடியும். மழை குறைந்த மத்திய இந்தியாவின் தேக்குக் காடுகளில் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது.

வெட்டிய மரம் துறைமுகம் வந்தது எப்படி?

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் வெட்டுவதற்கு முன்னாடியே ஒரு வேலை செய்வார்கள். அடிமரத்தைச் சுற்றி, பட்டையும் வெள்ளைப்பகுதியும் அறுபடும்படி ஆழமாக ஒரு வளையம் வெட்டி விடுவார்கள். வேரில் இருந்து தண்ணீர் ஏறாமல், மரம் நின்ற நிலையிலேயே செத்துக் காயும். இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் சாய்ப்பார்கள்.

பிறகு யானைகள் கட்டையை ஓடை வரைக்கும் இழுத்துப் போடும். மழைக்காலத்தில் ஓடையில் வெள்ளம் வரும்போது கட்டைகள் மிதந்து பெரிய ஆற்றுக்கு வரும். அங்கே தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு ஓட்டுவார்கள். காட்டில் குறி போட்ட மரம் துறைமுகம் வந்து சேரச் சில வருஷங்கள் ஆகும்.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. எந்த மரத்துக்கு வளையம் போடுவது என்பதை வனத்துறை ஆள்தான் முடிவு செய்வார். அவர் குறி போடாத மரத்தை ஒப்பந்தக்காரர் வெட்ட முடியாது. அதிகாரம் கோடரி பிடித்தவர் கையிலிருந்து நாடா பிடித்தவர் கைக்கு மாறியது.

வியாபாரிகள் சும்மா இருந்தார்களா?

இருக்கவில்லை. கண் முன்னே ஆயிரக்கணக்கான பெரிய மரங்கள் நிற்க, 24-ல் ஒரு பங்குதான் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ரங்கூன், மௌல்மின் வியாபாரிகள் காட்டைத் தனியாருக்குத் திறந்து விடச் சொல்லி அரசாங்கத்தை நெருக்கினார்கள். 1860-களின் தொடக்கத்தில் தனியாருக்கு அனுமதியும் கிடைத்தது. பிராண்டிஸுக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் வெட்டும் மரத்துக்கு அளவு வரம்பு, வனத்துறை குறி என்ற இரண்டு கட்டுப்பாடுகள் நின்றன.

காட்டில் வாழ்ந்த கரென் மக்களிடமும் உரசல் இருந்தது. மலைச்சரிவில் காட்டை எரித்துப் பயிர் செய்து, சில வருஷம் கழித்து வேறு இடத்துக்கு நகர்வது அவர்கள் வழக்கம். எரியும் காட்டில் இளந்தேக்கும் எரியும். அவர்களை விரட்டுவதற்குப் பதிலாக, எரித்த நிலத்தில் நெல்லோடு சேர்த்துத் தேக்கு நட வைத்து, அதற்குக் கூலி கொடுக்கும் முறை அங்கே வளர்ந்தது. பர்மிய மொழியில் மலைப்பயிர் என்று பொருள்படும் டாங்யா என்ற பெயரில் அது உலகின் பல நாடுகளுக்குப் போனது. பயிர் செய்தவருக்கு ஒன்றிரண்டு வருஷம் நெல். வளர்ந்த மரம் அரசாங்கத்துக்கு.

பர்மாவில் இருந்து இந்தியா முழுக்க

1853-ல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் நடுவே முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதன் பிறகு தண்டவாளம் போடும் வேகம் கூடக்கூட, காடுகளுக்குக் கேடு காலம் தொடங்கியது.

ஒரு ஸ்லீப்பர் கட்டை 10 அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குல கனம். அதாவது சுமார் மூன்றரை கன அடி. ஒரு மைலுக்கு 1,800 கட்டை என்று வைத்தால் 6,300 கன அடி மரம். இது அறுத்து முடித்த அளவு மட்டும்தான், சேதாரம் தனி. வைக்கும் மரமும் கண்டது கடியது ஆகாது. மருந்து எதுவும் ஏற்றாமல் மழையிலும் வெயிலும் தாங்கியவை முக்கியமாக மூன்றுதான்: தேக்கு, சால், தேவதாரு.

இந்தக் கவலையில்தான் 1862-ல் இந்திய அரசு பிராண்டிஸை அழைத்தது. 1864-ல் இந்தியாவின் முதல் வனத்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். சென்னை மாகாணத்தில் ஏற்கெனவே வனத்துறையை உருவாக்கிய டாக்டர் ஹியூ கிளெக்ஹார்னும் அவருடன் சேர்ந்து வேலை செய்தார். இதற்கு நடுவே 1863-ல் மனைவி ரேச்சல் இறந்துவிட்டார். 1867-ல் பிராண்டிஸ் கத்தரினா ஹாஸே என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

பெகுவில் கற்ற பாடத்தை அப்படியே இந்தியா முழுக்க ஒட்ட முடியவில்லை. காட்டுக்குக் காடு மரமும் வேறு, அளவும் வேறு, வழியும் வேறு. இமயமலையில் தேவதாரு செங்குத்தான சரிவில் நிற்கும், கீழே பாறையில் மோதி ஓடும் ஆறு. அதனால் மலையிலேயே ஸ்லீப்பர் அளவுக்கு அறுத்து ஆற்றில் விடுவார்கள். சால் கனமான மரம், தானாக மிதக்காது. ஆனைமலையில் உச்சியில் இருந்து கட்டைகளைச் சரிவில் சறுக்கி விட்டார்கள், அந்த இடம்தான் இன்றைய டாப்சிலிப்.

எந்த மாகாணத்துக்குப் போனாலும் பிராண்டிஸ் செய்த முதல் வேலை அளப்பதும் எண்ணுவதும்தான். எல்லை வரைவது, மரத்தை வகை பிரிப்பது, வளரும் வேகம் பார்ப்பது, அதன் பிறகுதான் வெட்டும் திட்டம்.

சட்டம் யாருக்கு? காடு யாருக்கு?

1865-ல் இந்தியாவின் முதல் வனச் சட்டம் வந்தது. அது போதாது என்று 1878-ல் இன்னும் கடுமையான சட்டம். இரண்டுக்கும் நடுவே பெரிய விவாதம் நடந்தது.

ஒரு பக்கம் பேடன் பவல் போன்ற அதிகாரிகள். தனியாருக்குச் சொந்தம் என்று நிரூபிக்கப்படாத காடெல்லாம் அரசுக்குத்தான், மக்கள் விறகு எடுப்பதும் மாடு மேய்ப்பதும் அரசு கொடுத்த சலுகை என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பக்கத்தில் சென்னை மாகாண அரசு. கிராம மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தது சலுகை அல்ல, உரிமை என்று அது வாதிட்டது.

பிராண்டிஸ் நடுவில் நின்றார். முக்கியமான காடுகள் அரசிடம் இருக்கட்டும், ஆனால் கிராமத்துக்கென்று தனிக் காடு ஒதுக்கி, அதைக் கிராமமே நிர்வகிக்கட்டும் என்றார். 1878 சட்டத்தில் கிராமக் காடு என்று ஒரு பிரிவு வந்தது. ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. ஒதுக்கப்பட்ட காடுகள்தான் பெருகின. விறகு பொறுக்கப் போனவர் குற்றவாளி ஆனார்.

மரத்துக்குத் தலைமுறைக் கணக்கு போட்டவர் உருவாக்கிய துறை, அந்தக் காட்டிலேயே தலைமுறையாக வாழ்ந்தவர்களை வெளியே நிறுத்தியது. இதை விட்டுவிட்டு பிராண்டிஸின் கதையைச் சொல்ல முடியாது.

சென்னைக்கு வந்த பிராண்டிஸ்

சென்னை மாகாணம் 1878 சட்டத்தை ஏற்கவில்லை. தனக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்றது. அதற்கு ஆலோசனை சொல்ல 1881-ல் பிராண்டிஸே வந்தார். 1882-ல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. பல திருத்தங்களோடு, தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. சென்னை மாகாண வன நிர்வாகம் பற்றி அவர் எழுதிய விரிவான அறிக்கை 1883-ல் வெளியானது.

சேலம் பகுதி மலைகளில் அவர் கவனித்த இன்னொன்று, கோயில் காடுகள். ஏலகிரியில் இருந்த சாமி சோலை, ஜவ்வாது மலையில் புதூரில் இருந்த கோயில் காடு, சேர்வராயன் மலையில் இருந்த காடுகள் ஆகியவற்றை அவர் தன் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். காவலர் இல்லை, சட்டம் இல்லை, ஆனால் யாரும் கோடரி வைப்பதில்லை. மக்களே காட்டைக் காக்க முடியும் என்பதற்கு அவர் கண்ணால் பார்த்த சாட்சி அது.

கடைசி வரை மரம்தான்

1878-ல் டேராடூனில் வனப் பள்ளியைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சிதான் 1906-ல் உருவான வன ஆராய்ச்சி நிறுவனம். ஷ்லிஷ், ரிப்பன்ட்ராப் என்ற இரண்டு ஜெர்மானியர்களை இந்தியாவுக்கு அழைத்து வந்தவரும் அவரே. அவருக்குப் பிறகு அந்த இருவரும் அடுத்தடுத்து அதே பதவிக்கு வந்தார்கள்.

1883-ல் ஓய்வு பெற்று பான் நகருக்குத் திரும்பினார். ஓய்வு என்பது பேருக்குத்தான். ஐரோப்பியக் காடுகளைப் பார்க்க வரும் மாணவர்களை அழைத்துக்கொண்டு சுற்றினார். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கிஃபர்ட் பின்ஷோ. 1905-ல் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவர் ஆனவர். பெகு மலையில் தொடங்கிய பாடம் அப்படி அமெரிக்கா வரை போனது.

1906-ல், 82-வது வயசில், இந்திய மரங்கள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். அடுத்த வருஷம் 1907 மே மாதம், பிறந்த ஊரான பான் நகரிலேயே காலமானார்.

இப்போ பெகு எப்படி இருக்கு?

பெகுவின் இன்றைய பெயர் பாகோ. பிராண்டிஸ் யானை மேல் போன அதே மலைத்தொடர்தான் இன்றைய பாகோ யோமா.

அவர் போட்ட முறை ஆட்சிகள் மாறியும் காகிதத்தில் தொடர்ந்தது. ஆனால் பிந்தைய பல பத்தாண்டுகளில் வரம்பை மீறிய வெட்டும், திருட்டு வெட்டும் காட்டைத் தின்றன. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு உருட்டு மரம் ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. 2016-ல் நாடு முழுக்க ஒரு வருஷம் மரம் வெட்டத் தடை. பாகோ யோமாவுக்கு மட்டும் 10 வருஷம்.

அந்த ஒரு மலைக்கு மட்டும் ஏன் 10 வருஷம்? பெரிய மரம் தீர்ந்தபோது அடுத்த வகையைத் தொட்டார்கள். பையன் வளர்வதற்குள் அப்பாவையும் தாத்தாவையும் வெட்டிவிட்ட காடு அது.

160 வருஷத்துக்கும் முன்னால் அதே மலையில் 4 குச்சிகள் சொன்ன கணக்கு ரொம்ப எளிமையானது. இன்றைக்கு வெட்டும் மரத்தின் இடத்துக்கு வர, அடுத்த மரம் வரிசையில் நிற்கிறதா? நின்றால் வெட்டலாம். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.